ஏரிக்கரைக்குக் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போங்க

பறவை பார்க்கிற நடை, பாம்பு பத்தின வகுப்பு, ராத்திரி கடற்கரையில ஆமை நடைன்னு குடும்பத்தோட போற இயற்கை நிகழ்ச்சிகள் இப்ப நிறைய ஊர்ல நடக்குது. நான் அப்பப்ப அதைப் பகிர்றேன். போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "இதெல்லாம் கார் வச்சிருக்கவங்களோட ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. அரசு டாக்டர் நீங்க எதுக்கு இதை விளம்பரம் பண்றீங்க?"

பதில் கொஞ்சம் நீளம். அதான் த்ரெட். பொறுமையா படிங்க.

நான் வேலை பார்க்கிறது வட தமிழ்நாட்டுல ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. சுத்தி நெல்லு, கரும்பு, மல்லாட்டை. மழை பிடிச்சா எங்க கேஷுவால்ட்டிக்குப் பாம்புக்கடி வர ஆரம்பிச்சிடும். களை எடுக்கப் போன அக்கா, மோட்டார் போடப் போன அண்ணன், வைக்கோல் இழுக்கப் போன பையன்.

இந்தியாவுல 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியால இறந்தவங்க ஏறக்குறைய 12 லட்சம் பேர்னு ஒரு பெரிய ஆய்வு சொல்லுது. வருஷத்துக்குச் சராசரியா 58,000. இதுல கால்வாசிக்கும் மேல 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க. அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.

ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.

நாலாவது படிக்கிற பையன். தரையில பாய் போட்டுத் தூங்கினவன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து காலைச் சொறிஞ்சிருக்கான். எறும்புன்னு நினைச்சு அப்பா தட்டிக் கொடுத்துப் படுக்க வச்சுட்டார். மூணரைக்கு வயித்து வலி, ஒரு வாந்தி. அம்மா ஓமத்தண்ணி கொடுத்திருக்காங்க. அஞ்சு மணிக்குக் கண்ணு சொருகுது. தூக்கக் கலக்கம்னு நினைச்சாங்க. எச்சில் முழுங்க முடியாம வாயோரம் வழிய ஆரம்பிச்சப்பதான் 108-க்குப் போன் பண்ணியிருக்காங்க.

எங்ககிட்ட வரும்போது இமையைத் தூக்க முடியல. தலை நிக்கல. பேசினா மூக்கால வர்ற மாதிரி குரல். உடம்பு முழுக்கத் தேடினோம், கடிவாய்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான். பல்லு சின்னது, வீக்கம் இருக்காது, வலியும் இருக்காது. தூக்கத்துல கடிச்சா பாதிப் பேர் முழிக்கிறது கூட இல்ல.

விஷமுறிவு மருந்தை ஆரம்பிச்சு, தொண்டையில குழாய் போட்டு, பலூனை அழுத்திக்கிட்டே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே கெடுத்துடும். முனை திரும்ப சரியாகிற வரைக்கும் வென்டிலேட்டர்தான் மூச்சு விடணும். அஞ்சு நாள் விட்டுச்சு. பையன் பிழைச்சு, நடந்து வந்து எங்க சிஸ்டருக்குச் சாக்லேட் கொடுத்தான்.

அன்னிக்கு அவங்க அம்மா கேட்டது: "பாம்பு கடிச்சா ரத்தம் வராதா டாக்டரம்மா? நுரை தள்ளாதா?"

முப்பது வருஷமா பாம்போட ஒரே ஊர்ல வாழ்றவங்க. அவங்களுக்குப் பாம்பைப் பத்திச் சொல்லிக் கொடுத்தது சினிமா மட்டும்தான். பள்ளிக்கூடப் புத்தகத்துல பாம்புன்னு ஒரு படம் இருந்திருக்கும். அவங்க வீட்டுக் கூரையில இருக்கிற பாம்பு எது, அது எப்ப வெளிய வரும், கடிச்சா உடம்பு எப்படிக் காட்டிக் கொடுக்கும்னு யாரும் சொன்னதே இல்ல. நாங்க அதைச் சொல்ற இடம் கேஷுவால்ட்டி. அங்க சொல்லி யாருக்குக் காதுல ஏறும்?

இப்ப ஏரிக்கு வருவோம்.

எங்க ஊர்ல ஒரு சின்னக் குழு இருக்கு. ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு எலக்ட்ரீசியன், நாலஞ்சு காலேஜ் பசங்க. மாசம் ஒரு ஞாயிறு காலையில ஏரிக்கரையில குடும்பங்களைச் சேர்த்துக்கிட்டு நடப்பாங்க. கட்டணம் கிடையாது. பைனாகுலர் ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மழைக்காலத்துக்கு முன்னாடி நடந்த நடையில பாம்புக்கடி பத்தி ஒரு கால் மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. நைட் ட்யூட்டி முடிச்ச முகத்தோட போனேன்.

முதல்ல பறவைகள்தான். நாமக்கோழி எது, தாழைக்கோழி எதுன்னு நெத்தியைப் பார்த்துச் சொல்லணும். வெள்ளை நெத்தி நாமக்கோழி, சிவப்பு நெத்தி தாழைக்கோழி. முக்குளிப்பான் தண்ணிக்குள்ள போனா எங்க எழும்பும்னு பிள்ளைங்க பந்தயம் கட்டினாங்க. நத்தைகுத்தி நாரையோட அலகுக்கு நடுவுல ஏன் சந்து இருக்குன்னு ஆசிரியர் கேட்டார். ஒரு பொண்ணு "பல்லு விழுந்துடுச்சா சார்?"ன்னா. வளர்ந்த நாரைக்குத்தான் அந்தச் சந்து இருக்கும், நத்தையைப் பிடிச்சுத் தின்ன அது உதவுதுன்னு அவர் சொன்னதும், எல்லாரும் கரையில கிடந்த நத்தை ஓட்டைத் தேடி ஓடினாங்க.

(இடையில ஒண்ணு. குழந்தைக்குக் கிட்டப்பார்வை வராம தள்ளிப் போடறதுக்கு நல்ல ஆதாரம் உள்ள ஒரு விஷயம் பகல் வெளிச்சத்துல வெளிய இருக்கிறது. தைவான்ல 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைங்களைத் தினம் 2 மணி நேரம் வெளிய இருக்கச் சொல்லி ஒரு திட்டமே நடத்துறாங்க. நம்ம ஊர்ல ரெண்டாவது படிக்கும்போதே கண்ணாடி. ஏரிக்கு வர்றதுக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனா நான் சொல்ல வந்தது வேற.)

அப்புறம் என் முறை. ப்ரொஜெக்டர் எல்லாம் இல்ல. நாலு பாம்போட படத்தை லேமினேட் பண்ணி வச்சிருந்தாங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்ம ஊர்ல உயிரெடுக்கிற கடிகள்ல பெரும்பாலானது இந்த நாலும்தான்.

கட்டுவிரியன் கடிச்சா வலிக்காதுன்னு சொன்னேன். உடனே ஒரு பொண்ணு, ஒம்போது வயசு இருக்கும், கை தூக்கினா: "வலிக்கலன்னா கடிச்சது எப்படித் தெரியும்?"

ஹவுஸ் சர்ஜன் யாரும் இதுவரைக்கும் என்கிட்ட இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக் கேட்டதில்ல.

சொன்னேன். ராத்திரி தரையில தூங்கி, நடுராத்திரி காரணமே இல்லாம வயித்து வலியோ வாந்தியோ வந்து, அதோட இமை கனமாகி, பார்வை ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சு, எச்சில் முழுங்கக் கஷ்டமா இருந்தா, கடிவாயைத் தேடிக்கிட்டு உட்காராதீங்க. பாம்பைப் பார்க்கலன்னாலும் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. அவ எழுதிக்கிட்டா. அப்புறம் தம்பிக்கு இமையைப் பாதி மூடி நடிச்சுக் காட்டினா. நான் கால் மணி நேரம் பேசினதை அவ பத்து செகண்ட்ல முடிச்சுட்டா.

கரையில ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஒரு ஆயா கம்பை ஊனி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "இது எட்டடி விரியன் தானே கண்ணு. கடிச்சா எட்டடிக்குள்ள சாவு"ன்னாங்க.

அந்தப் பேரு எவ்வளவு ஆபத்துன்னு எனக்கு அப்பதான் உறைச்சது. எட்டடிதான் கணக்குன்னா, கடிச்ச பிறகு வீடு வரைக்கும் நடந்து வந்தவன், "எட்டடிக்கு மேல நடந்துட்டேன், இது அது இல்ல"ன்னு முடிவு பண்ணிடுவான். உண்மையில கட்டுவிரியன் விஷம் மணிக்கணக்குல ஏறும். அந்த மணிக்கணக்குதான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. ஆயாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, தன் அண்ணன் அப்படித்தான் போனார்னாங்க. பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி, நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவர், காலையில இல்ல. மாரடைப்புன்னே இத்தனை வருஷமும் நினைச்சிருந்தாங்களாம். நான் மேல ஒண்ணும் சொல்லல. ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் நம்பிக்கைகள் ஒவ்வொண்ணா வந்துச்சு. கொம்பேறிமூக்கன் கடிச்சுட்டு, செத்தவனை எரிக்கிறாங்களான்னு சுடுகாட்டு மரத்துல ஏறிப் பார்க்குமாம். விஷமே இல்லாத அப்பாவி மரப்பாம்பு அது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமாம். மண்ணுளிப்பாம்பு நக்கினா குஷ்டம் வருமாம். இந்தக் கடைசி ஒண்ணுல டாக்டரா எனக்குக் கோபமே வரும். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால வருது, மாத்திரையால குணமாகுது, மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஒரு பாம்பு மேல பழியைப் போட்டுட்டு, உணர்ச்சி இல்லாத தேமலைக் காட்டாம வருஷக்கணக்குல மறைச்சு வைக்கிறாங்க. அந்தப் பாம்பும் பாவம், இருதலைன்னு சொல்லி லட்சக்கணக்குல விலை பேசிக் கடத்துறான்.

சாரைப்பாம்பை ஏன் அடிக்கக் கூடாதுன்னு எலக்ட்ரீசியன் அண்ணன் சொன்னது எனக்குப் பிடிச்சுது. அவர் வீட்டுல நெல்லு மூட்டை அடுக்கியிருக்கிற அறையில சாரை வந்து போகுமாம். அடிக்கிறதில்ல. சாரையை அடிச்சா எலி பெருகும். எலி பெருகினா நெல்லு போகும், எலிக்காய்ச்சல் வரும், அந்த எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் வரும். விஷமில்லாத பாம்பைக் கொன்னுட்டு விஷப்பாம்புக்குப் பந்தி போடற கதை. எலிக்காய்ச்சல்ல சிறுநீரகம் போய் வர்றவங்களையும் நான்தான் பார்க்கிறேன், கண்ணாடி விரியன் கடிச்சுச் சிறுநீரகம் போய் வர்றவங்களையும் நான்தான் பார்க்கிறேன். ரெண்டையும் ஒரே கோட்டுல வச்சு எனக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்ல. ஏரிக்கரையில ஒரு எலக்ட்ரீசியன் எடுத்தார்.

பிள்ளைங்க வாயைப் பிளந்து கேட்டது இருளர் கதையைத்தான். நாங்க ஊசியில ஏத்துற மருந்து குதிரை உடம்புல தயாராகுது. அதுக்கு முதல்ல பாம்போட விஷம் வேணும். அந்த விஷத்துல பெரும்பங்கு வந்தது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்து. தலைமுறை தலைமுறையாப் பாம்பு பிடிச்சுத் தோல் வித்துப் பிழைச்ச இருளர்களுக்கு, 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பிழைப்பு போச்சு. 1978-ல கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. வடநெம்மேலியில, முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ள. பாம்பைப் பிடிச்சு மண்பானையில சில வாரம் வச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. கொல்றதில்ல. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

வடநெம்மேலிக்கு ஒரு தடவை குடும்பத்தோட போய்ப் பாருங்க. விஷம் எடுக்கிறதை விளக்கிக் காட்டுவாங்க. உங்க பிள்ளைக்கு ஒரு நாள் அந்த மருந்து ஏறலாம். அது எந்தக் கையில இருந்து வந்துச்சுன்னு பார்த்த மாதிரி இருக்கும்.

எல்லா நிகழ்ச்சியும் நல்ல நிகழ்ச்சின்னு சொல்ல மாட்டேன். மேடையில நல்ல பாம்பைக் கையில பிடிச்சு, குழந்தை கழுத்துல சாரையைப் போட்டு போட்டோ எடுக்கிற "விழிப்புணர்வு" நிகழ்ச்சியும் நடக்குது. அப்படி நடந்தா பிள்ளையோட எழுந்து வந்துடுங்க. சட்டப்படி குற்றம்கிறது ஒரு பக்கம். அதைப் பார்க்கிற பத்து வயசுப் பையன் கத்துக்கிறது ஒண்ணுதான்: தைரியம் இருந்தா பாம்பைப் பிடிக்கலாம். அடுத்த வாரம் அவன் எங்ககிட்ட வருவான். வாலைப் பிடிச்சுத் தூக்கி வீடியோ எடுத்த இளைஞர்களுக்கு நான் மருந்து ஏத்தியிருக்கேன். நல்ல நிகழ்ச்சியில பாம்பு படத்துல இருக்கும். இல்லன்னா தூரத்துல, அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கும்.

முதல்ல கேட்ட நண்பர் சொன்னதுல பாதி உண்மை. நகரத்துல நடக்கிற நடைகளுக்கு வர்றவங்க பெரும்பாலும் ஷூ போட்டுக்கிட்டு, அபார்ட்மென்ட் மூணாவது மாடியில கட்டில்ல தூங்குற குடும்பங்கள். ஓலைக்கூரை வீட்டுல தரையில தூங்குற குடும்பம் ஞாயித்துக்கிழமை காலையில கூலி வேலைக்குப் போயிருக்கும். யாருக்கு அதிகம் தேவையோ அவங்க வர முடியாத நேரத்துல, வர முடியாத இடத்துல, பாதி இங்கிலீஷ்ல நடத்தினா, நண்பர் சொன்ன பேரைத்தான் வாங்கிக்கணும்.

அதுக்குப் பதில் நிகழ்ச்சியை நிறுத்தறது இல்ல, இடத்தை மாத்தறது. எங்க குழுகிட்ட இதைச் சொன்னேன். இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கே போறோம், மதியச் சாப்பாட்டு நேரத்துல. அங்க பறவைப் பேரு நாங்க சொல்லித் தர வேண்டியதே இல்ல, அக்காங்க நமக்குச் சொல்லித் தர்றாங்க. புத்தகத்துல இல்லாத பேரு எல்லாம் வருது. நான் பாம்புக்கடி பத்தி மட்டும் பேசுறேன்.

ஊரே சேர்ந்து இயற்கையைக் காப்பாத்தறதுக்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டியில, பறவைங்க மிரண்டுடும்னு தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துல வீட்டு மரத்துலயே நாரை கூடு கட்டுது. அங்க வளர்ற பிள்ளைக்குத் தனியா முகாம் எதுக்கு?

சென்னையில இருக்கவங்களுக்கு: எஸ்.எஸ்.டி.சி.என்-னு மாணவர்கள் நடத்துற ஒரு அமைப்பு 1988-லிருந்து கடற்கரையில ராத்திரி நடந்து, பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துல வச்சுப் பாதுகாக்குது. சீசன்ல வெள்ளி, சனி இரவுகள்ல பொதுமக்களையும் கூட்டிட்டுப் போறாங்க. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும், மணல்ல 7 கிலோமீட்டர். சின்னப் பிள்ளைங்களுக்கு அது நீளம். அவங்களை மார்ச், ஏப்ரல் சாயங்காலம் குஞ்சுகளைக் கடல்ல விடும்போது கூட்டிட்டுப் போங்க. 2025 ஜனவரியில அதே கரையோரத்துல ஆயிரத்துக்கும் மேல ஆமைங்க செத்து ஒதுங்கின செய்தி ஞாபகம் இருக்கும். இழுவலையில மாட்டி, மேல வந்து மூச்சு விட முடியாம செத்ததுங்க. குஞ்சு கடலுக்குப் போறதைப் பார்த்த குழந்தை அதைக் கேட்கும். பதில் தயாரா வச்சுக்கோங்க.

பொங்கல் லீவுல நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015-லிருந்து நடக்குது. எங்கயும் போக வேண்டாம், மொட்டை மாடியில 15 நிமிஷம் நின்னு பார்த்ததை இ-பேர்டுல பதிஞ்சா போதும். காக்காவும் மைனாவும் கூட கணக்குல சேரும்.

பாம்புக்கடிக்கு வருவோம், இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டுங்க. கடிபட்ட கை காலை அசையாம கட்டை வச்சு எலும்பு முறிவுக்குக் கட்டற மாதிரி தளர்வாக் கட்டி, 108-க்குச் சொல்லி, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மருந்து இலவசம். குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் மருந்தளவு ஒண்ணுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைக்கிறதில்ல. அதனால "குழந்தைக்கு இவ்வளவு மருந்தா"ன்னு பயப்படாதீங்க. தயவுசெஞ்சு பாம்பை அடிச்சோ, உயிரோட மஞ்சப்பையில போட்டோ எடுத்துட்டு வராதீங்க. நம்ம மருந்து நாலு பாம்புக்கும் ஒண்ணுதான். எங்க சிஸ்டர் ஒருத்தங்க அந்தப் பையைப் பிரிச்சுட்டு டேபிள் மேல ஏறி நின்னது எங்க ஆஸ்பத்திரி வரலாறு.

2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயா அறிவிச்சிருக்கு. தனியார் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்கணும். எந்த ஊர்ல, எந்த மாசம் அதிகம்னு இனி தெரிய வரும். அந்த ஊர்லதான் அடுத்த நடையை வைக்கணும்.

தரையில தூங்குறவங்க கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில செருகிட்டுத் தூங்குங்க. கொசுவுக்கும் ஆச்சு, கட்டுவிரியனுக்கும் ஆச்சு. ராத்திரி வெளிய போனா டார்ச், செருப்பு.

எங்க ஊர் நடை அடுத்தது மாசத்தோட கடைசி ஞாயிறு. காலை ஆறே காலுக்குக் கரையில இருக்கணும், ஏழரைக்கு மேல பறவை நிழலுக்குப் போயிடும். பிள்ளைங்களுக்கு மூடின ஷூ, தண்ணி பாட்டில், ஒரு நோட்டு. யார் வீட்டுலயாவது பழைய பைனாகுலர் சும்மா கிடந்தா சொல்லுங்க, ரெண்டு பக்கமும் தெரியணும்.